மூன்றாவது நாள் மழைக்கு: கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு நடந்து ஏற ஒரு வழிகாட்டி

மதுரை ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ்ஸில் உட்கார்ந்தால் நான்கு மணி நேரத்தில் மேலே இறங்கிவிடலாம். அதே ஊருக்கு மழைக்காலத்தில் கும்பக்கரை அடிவாரத்திலிருந்து நடந்து ஏற மூன்று நாள் ஒதுக்கச் சொல்கிறேன். நடைக்கு இரண்டு நாள் போதும். மூன்றாவது நாள் மழைக்கு. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க மனம் இல்லாதவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பாதைக்கு வர வேண்டாம். மழை நின்ற பிறகு தை மாதம் வாருங்கள், மலை அங்கேயேதான் இருக்கும்.

நான் நான்கு முறை போயிருக்கிறேன். ஒரு முறை ஓடைக் கரையிலேயே திரும்பினேன். ஒரு முறை பாதி வழியில் உள்ள வெள்ளகவி கிராமத்தில் ஒரு பகல் முழுக்கத் திண்ணையில் முடங்கிக் கிடந்தேன். மற்ற இரண்டு முறை தடங்கல் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். இந்தக் கட்டுரையில் இருப்பதில் பெரும்பகுதி, தடங்கல் வந்த இரண்டு முறையில் கற்றுக்கொண்டது.

பாதை இதுதான்

பெரியகுளத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் கும்பக்கரை அருவி. அங்கிருந்து பழநி மலையின் தென்சரிவில் ஏறினால் வெள்ளகவி கிராமம். அதற்கு மேல் டால்பின் மூக்குப் பாறை, வட்டக்கானல், கொடைக்கானல். கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,130 மீட்டர். அடிவாரத்திலிருந்து கணக்கிட்டால் 1,700 மீட்டர் அளவுக்கு ஏற்றம்.

மலைக்குச் சாலை வரும் முன்பு இந்தத் தென்சரிவுதான் வாசல். 1821-இல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவியில் தங்கித்தான் மேலே கொடைக்கானல் பகுதியை அளக்கப் போனார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி மேலே வீடு கட்டினார்கள். பிறகு ரயில் வந்த காலத்தில் வசதியுள்ளவர்கள் ரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து, மாட்டு வண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். நாற்காலியைத் தூக்கியவர்கள் நடந்தார்கள். நாம் அந்த இரண்டாவது வகை.

ஏன் கீழிருந்து மேலே என்று கேட்பார்கள். பெரும்பாலான இளைஞர் கூட்டம் வட்டக்கானலில் தொடங்கிக் கீழே இறங்குவதையே விரும்புகிறது, மூச்சு வாங்காது என்று. காய்ந்த காலத்தில் சரி. ஈரத்தில் இறக்கம் ஏற்றத்தைவிடப் பொல்லாதது. ஏறும்போது சறுக்கினால் முழங்காலும் உள்ளங்கையும் தரையில் படும், சிராய்ப்போடு போகும். இறங்கும்போது சறுக்கினால் முதுகோ, பின்மண்டையோ. கடைசி ஓடைகளும் நாம் களைத்துப்போன சாயங்கால நேரத்தில், மழை கொட்டி முடித்த பிறகு வந்து நிற்கும். ஏறிப் போகிறவருக்கு அந்த ஓடை காலையில், தெளிந்த கண்ணோடு, திரும்பிப் போக வழி பக்கத்திலேயே இருக்கும்போது வருகிறது. ஆகவே ஏறுங்கள், இறங்குவதற்கு பஸ் இருக்கிறது.

முதல் வேலை அனுமதி, அடுத்தது வானம்

இது காப்புக்காடு, வனவிலங்கு சரணாலயப் பகுதி. அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படி ஒரு திட்டமும் தொடங்கியது. நீங்கள் போக நினைக்கும் பகுதியில் எந்தத் துண்டு திறந்திருக்கிறது, இரவு தங்க அனுமதி உண்டா, வழிகாட்டி யார் என்ற மூன்றையும் வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு துண்டுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தால் அந்தத் துண்டோடு நில்லுங்கள். மழை கனத்தால் கொடுத்த அனுமதியையும் நிறுத்துவார்கள். அதற்காக அலுவலக வாசலில் வாக்குவாதம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பரிதாபமாக இருக்கும்.

வானத்தைப் பொறுத்தவரை இந்தச் சரிவில் பார்த்து நடக்க வேண்டியது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். சித்திரை, வைகாசியிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு கோடைமழை இறங்கும். வானிலை மையத்தின் எச்சரிக்கையில் தேனி, திண்டுக்கல் இரண்டு மாவட்டங்களையும் பாருங்கள், ஏனென்றால் காலடி ஒன்றிலும் தலை மற்றொன்றிலும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் கனமழை, 115.6-ஐத் தாண்டினால் மிகக் கனமழை. இரண்டில் எந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலும் நான் பையை அவிழ்த்துவிடுவேன். மஞ்சள் என்றால் வழிகாட்டியைக் கேட்பேன். எச்சரிக்கையே இல்லாவிட்டாலும் முந்தைய மூன்று நாள் விடாமல் பெய்திருந்தால் யோசிப்பேன்: மண் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருக்கும், அடுத்துப் பெய்வதெல்லாம் நேராக ஓடைக்குத்தான் வரும்.

உடம்பைப் பழக்குவது

ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். மதுரைக்காரர்களுக்கு அழகர்மலை இருக்கிறது. கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை வாரம் இரண்டு நாள் ஏறி இறங்கினால் கால் பழகும். கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளும் நல்ல பயிற்சி. வெறும் கையோடு போகாதீர்கள். முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி வைத்துத் தொடங்கி எட்டு கிலோவுக்கு வாருங்கள். ஒரு முறையாவது மழையில் நனைந்தபடியே, நனைந்த ஷூவோடு மூன்று மணி நேரம் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் தோல் உராய்கிறது, எந்தப் பையில் தண்ணீர் புகுகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். வீட்டில் திட்டுவார்கள்.

மூட்டை

சுமை ஆளுக்கு எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. இதில் ஒரே ஒரு கொள்கை: நனைவதற்கென்று ஒரு செட், நனையவே கூடாத ஒரு செட். பகலில் நனைகிற உடையை மறுநாள் காலையும் ஈரத்தோடேயே மாட்டிக்கொள்ள வேண்டும். உடம்பு கூசும், பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்து காய்ந்த உடையைப் பகலில் எடுத்து மாட்டியவர்கள் இரண்டாம் இரவு நடுங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பகலுக்குப் பாலியஸ்டர் பனியனும் மெல்லிய கால்சட்டையும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனம் கூடும், காய இரண்டு நாள் ஆகும். பருத்தி மதுரை வெயிலுக்கு அமிர்தம், மலை மழைக்கு விரோதி, ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, குல்லாய், கைலி, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை.

இரவுச் செட்டைக் காப்பாற்றப் பையின் மேல் போடும் மழை உறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்து உள்ளே போய்விடும். கீழமாசி வீதியில் மளிகைக் கடைகளில் கேட்டால் சர்க்கரை மூட்டைக்கு உள்ளே வரும் கனத்த பிளாஸ்டிக் பை கிடைக்கும். அதைப் பைக்குள் விரித்து, துணிகளை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இரண்டு முறுக்கு முறுக்கி மடித்துக் கட்டுங்கள். விலை உயர்ந்த எந்த உறையும் எனக்கு இவ்வளவு உழைக்கவில்லை. உரச் சாக்குப் பை மட்டும் வேண்டாம், கழுவினாலும் மருந்து வாடை போகாது. எடுத்துப் போன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எஃகுக் குடுவையே எடுத்துச் செல்லுங்கள்.

மழைக்கோட்டு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். ஏறும்போது கோட்டுக்குள் வியர்த்து உள்ளிருந்தே நனைந்துவிடுகிறோம். ஊர்க்காரர்கள் சாக்கை ஒரு மூலையில் மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு போகிறார்கள்; முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று வரும், தலையும் முதுகும் பையும் நனையாது. தலை வழியாக மாட்டும் தொளதொளப்பான போஞ்சோ என்ற மழைப் போர்வையும் அதே வேலையைச் செய்யும். காற்று பலமாக அடிக்கும் முகட்டுப் பகுதியில் மட்டும் உடம்பை ஒட்டிய கோட்டு தேவை.

இனி ஷூ. மதுரையில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஷூவின் அடிப்பாகம் முதல் நாள் மதியமே முன்பக்கம் வாய் பிளந்தது. ஒவ்வோர் அடிக்கும் தவளை வாய் போலத் திறந்து சேற்றை அள்ளி மூடியது. சணல் கயிற்றால் நடுவில் சுற்றிக் கட்டினேன். கயிறு அறுபட அறுபட ஐந்து முறை கட்டி நடந்தேன். பசை மட்டும் போட்ட ஷூ ஈரத்தில் இப்படித்தான் விட்டுப்போகும். வாங்கியதும் தெருவோரத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சுற்றிலும் தையல் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாது என்று விற்கும் ஷூவும் எனக்கு ஆகாது. ஓடையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் அது வாளியாகிவிடும், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. வடியக்கூடிய வலைத்துணி ஷூ நல்லது.

மற்றவை விறுவிறுவென்று: தோளுயர மூங்கில் கம்பு, தலையில் மாட்டும் விளக்கு, விசில், 15 மீட்டர் நைலான் கயிறு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் விரிப்பு, குளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கட்டுத்துணி, வேப்பெண்ணெய். செல்போனை ஜிப் உறையில் போட்டு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, விமானப் பயன்முறையில் வையுங்கள். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. எந்த நாள், எந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாட்டில் அடுப்பே வேண்டாம். காட்டுக்குள் தீ மூட்டுவது தடை, மழையில் எரியவும் எரியாது. முதல் நாளுக்குப் புளியோதரை, நல்லெண்ணெய் தாராளமாக விட்டது. பிறகு கடலை மிட்டாய், பொரிகடலை, பேரீச்சம்பழம், கருப்பட்டி, சத்துமாவு உருண்டை. உட்கார்ந்து சாப்பிட மழை விடாது; ஆகவே ஒரு கையால் வாயில் போடக்கூடியதாக, சட்டைப் பையில் இருக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது. மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க ஒருவரை ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள்.

முதல் நாள்: விடியலில் தொடங்கி மதியத்துக்குள்

முந்தின இரவே பெரியகுளம் போய்த் தங்கிவிடுங்கள். விடிந்ததும் கும்பக்கரையில் நிற்க வேண்டும். அருவிப் பாறைகளில் தண்ணீர் குடைந்த பள்ளங்களுக்கு யானைக் கெஜம், பாம்புக் கெஜம், உரல் கெஜம் என்று பெயர் உண்டு. பாம்பாற்றுத் தண்ணீர் இது. மேலே வட்டக்கானல் பக்கம் பெய்வது இங்கே வந்து விழுகிறது. கீழே பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே வனத்துறையினர் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றுவது இதனால்தான். இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானம் உங்கள் காலடியில் வரப்போகும் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. யானை நடமாட்டம் உள்ள பகுதியும்கூட. வழிகாட்டி நில்லுங்கள் என்றால் ஏன் என்று சத்தமாகக் கேட்காதீர்கள்.

கிளம்பும் முன் பாதம் முழுக்க, விரல் இடுக்கு உட்பட, வேப்பெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேயுங்கள். தோல் ஊறி வெளுத்துச் சுருங்குவதை அது தள்ளிப்போடும். ஒவ்வொரு பெரிய ஓய்விலும் காலுறையைக் கழற்றிப் பிழிந்து போடுங்கள்.

ஈரப் பாதையில் நடப்பதற்கென்று ஒரு நடை இருக்கிறது. குதிகாலை முதலில் ஊன்றாமல், பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் பதியும்படி சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பாசி பிடித்த வழவழப்பான கல், குறுக்கே ஓடும் மர வேர், ஈர இலைக் குவியல் மூன்றையும் தவிர்த்து, சரளைக்கல்லும் புல்லும் இருக்கும் இடத்தில் மிதியுங்கள். குதிரைகள் சுமையோடு போகும் பாதை என்பதால் நடுவில் கல் தேய்ந்து கண்ணாடியாகியிருக்கும்; ஓரம் நல்லது. வழுக்கும்போது பக்கத்துச் செடியை எட்டிப் பிடிக்கும் கையைக் கட்டுப்படுத்துங்கள். பாதிச் செடி முள், மீதி வேரோடு வந்துவிடும். சதுரகிரி மலைக்கோயில் பாதையில் ஓர் இடத்துக்கு வழுக்குப் பாறை என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

காய்ந்த நாளில் வெள்ளகவிக்கு எங்களுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. மழையில் எட்டு மணி நேரம். அதனால்தான் விடியலில் தொடங்கச் சொல்கிறேன்.

ஓடை

மலையில் எனக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஓடையிடம்தான். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை மதுரைப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்குள்ள மாங்கனி ஓடையும் சங்கிலிப் பாறை ஓடையும் காய்ந்த நாளில் செருப்பு நனையாமல் தாண்டக்கூடியவை.

கரையில் வந்ததும் யாரும் தண்ணீரில் இறங்காமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நிறத்தைப் பாருங்கள்: தெளிந்த தண்ணீர் திடீரென்று டீயின் நிறத்துக்கு மாறினால் மேலே மண் கரைகிறது. பச்சை இலையும் உடைந்த சுள்ளியும் மிதந்து வந்தால் வெள்ளம் புதிது. காதைக் கொடுங்கள்: அடியில் கற்கள் உருளும் மந்தமான கடகட சத்தம் கேட்டால் பேச்சே வேண்டாம், உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள்.

இரண்டாவது முறை போனபோது எங்கள் வழிகாட்டி அண்ணன் செய்த ஒன்றை நான் இன்றும் செய்கிறேன். தண்ணீர் விளிம்பில் தேங்காய் அளவுக் கல் ஒன்றை வைத்தார். அதற்கு மேலே ஒரு ஜாண் விட்டு இன்னொன்று, இன்னொரு ஜாண் விட்டு மூன்றாவது. பிறகு ஒரு பாறையில் சாய்ந்து பொரிகடலையை மென்றார். என்னோடு வந்த மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலை ஆபீஸ். “முழங்கால் அளவுதானே அண்ணே, கை கோத்துத் தாண்டிவிடலாம்” என்று மூன்று முறை சொன்னான். அவர் பதில் சொல்லவில்லை. கல்லைப் பார்த்தார். முதல் கல்லின் கழுத்து வரை தண்ணீர் வந்தது, பிறகு உச்சியில் ஒரு நுரை வளையம் சுற்றியது, பிறகு கல்லைக் காணோம். பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது. இரண்டாவது கல்லும் நனைந்தபோது எழுந்து கைலியை மடித்துக் கட்டினார். “கிளம்புங்கள் தம்பி, இன்றைக்கு இது விடாது” என்று கீழ்நோக்கித் திரும்பினார். நாங்கள் மூன்றாவது நாள் என்று ஒன்றை ஒதுக்காத பயணம் அது. ஒதுக்கியிருந்தால் அன்று கீழே தங்கி மறுநாள் காலை தாண்டியிருப்போம். சின்ன ஓடைகள் ஏறுவது போலவே சீக்கிரம் இறங்கியும் விடும். மழை நின்ற சில மணி நேரத்தில் பழைய அளவுக்கு வரும். விடியற்காலையில்தான் பெரும்பாலும் தண்ணீர் குறைவு.

கல் அசையாமல் இருந்து, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அடி தெரியும்படி இருந்தால் தாண்டலாம். குறுகலான இடம் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். அகலமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சற்றுக் கீழே அருவியோ சாய்ந்து கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஷூவைக் கழற்றாதீர்கள், காலுறையை மட்டும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னே ஊன்றி, நண்டு போலப் பக்கவாட்டில் நகருங்கள். கம்பு, இரண்டு கால் என்ற மூன்றில் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் அசைய வேண்டும். கனமான ஆள் மேல்பக்கம் நிற்க, மூவர் தோளைப் பற்றிச் சேர்ந்து நகர்வது இன்னும் நல்லது.

கயிற்றை யார் இடுப்பிலும் கட்டாதீர்கள். விழுந்தவரைக் கயிறு தண்ணீருக்கு அடியில் அழுத்திப் பிடித்துவிடும். கரையிலிருந்து எறிந்து பிடிக்கச் சொல்வதற்குத்தான் கயிறு. அடித்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி, பாறையைக் காலால் தள்ளியபடி கரை ஒதுங்கப் பாருங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கல் இடுக்கில் சிக்கும்.

வெள்ளகவியில் இரவு

கிராமத்து எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. கோயில்கள் நிறைந்த ஊர், வீதியையே சந்நிதியாக நினைக்கிறார்கள். நாள் முழுக்க ஷூவுக்குள் ஊறி வெளுத்த பாதத்தைக் குளிர்ந்த ஈரக் கல்லில் வைக்கும்போது முதலில் சுள்ளென்று இருக்கும். பாதத்துக்கு அதுவும் நல்லதுதான், காற்றுப் படுகிறது.

காப்பி, மிளகு, எலுமிச்சை, வெண்ணெய்ப்பழம் விளைகிற ஊர். விளைச்சல் குதிரை முதுகில்தான் போகும். சுற்றியுள்ள சின்னூர், பெரியூர் மலைக் கிராமங்களில் உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, காட்டாற்றைத் தாண்டி இறங்குவது பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பந்தயம் கட்டிப் பாறையில் குதித்து உங்கள் கணுக்கால் பிசகினால், வேலையை விட்டுவிட்டு உங்களைத் தூக்கப் போகிறவர்கள் இதே மனிதர்கள்தான். 108 ஆம்புலன்ஸ் சாலை இருக்கும் இடம் வரைதான் வரும்.

தங்கும் இடத்துக்கு வந்ததும் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் எழ மனம் வராது. முதலில் ஈர உடையைக் கழற்றி, துடைத்து, காய்ந்த செட்டுக்கு மாறுங்கள். பிறகு பாதம்: கழுவி, ஒற்றி, விரல் இடுக்கைப் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் காய்ந்த காலுறை. அதன் பிறகுதான் சுக்குக் காப்பி. மறுநாள் மழை நிற்காவிட்டால் இங்கேயே இருந்துவிடுங்கள். நான் முடங்கிக் கிடந்த அந்தப் பகலில் ஒரு பாட்டி மிளகைச் சுளகில் புடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி வாக்கில் தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்து, “நாளைக்கு விட்டுவிடும்ப்பா” என்றார். விட்டது.

இரண்டாம் நாள்: மூடுபனி, அட்டை, குளிர்

வட்டக்கானலுக்கு நான்கைந்து மணி நேர ஏற்றம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. மதுரையோடு ஒப்பிட்டால் கொடைக்கானல் 12, 13 டிகிரி குளிர்ச்சி. நனைந்த உடம்பும் காற்றும் சேர்ந்தால் 12 டிகிரி வெப்பநிலையே ஆளைச் சாய்க்கும். நடுக்கம் முதல் அறிகுறி. அதைத் தாண்டி ஒருவர் அடிக்கடி தடுக்கி விழுந்தால், பேச்சு குழறினால், எரிச்சலோடு “எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததை மாட்டி, பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி, பக்கத்தில் இருவர் ஒட்டி உட்கார்ந்து, கருப்பட்டியும் இனிப்புத் தண்ணீரும் கொடுங்கள். சாராயம் உடம்பைச் சூடாக்கும் என்பது கட்டுக்கதை; இருக்கிற சூட்டையும் தோல் வழியாக வெளியேற்றிவிடும்.

சோலைக்காட்டில் அட்டை. பயப்பட ஒன்றுமில்லை, நோய் பரப்பாது, அருவருப்புதான். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் வேப்பெண்ணெயும் மூக்குப்பொடியும் கலந்து தடவுங்கள். கடித்திருந்தால் பிடித்து இழுக்காமல், விரல் நகத்தை அதன் மெல்லிய முனைக்கு அடியில் செருகித் தள்ளிவிடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் உறையாமல் வடியும், அதன் எச்சிலுக்கு அந்தக் குணம் உண்டு. அழுத்திக் கட்டினால் நிற்கும்.

மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாது. முன்னால் போகிறவரின் பை கண்ணில் படும் தூரத்தில் எல்லோரும் நடங்கள். டால்பின் மூக்குப் பாறை பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மழைநாளில் அதன் நுனிக்குப் போவதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை. பனியில் படமும் வெள்ளையாகத்தான் வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்துவிட்டால் திறந்த பாறையையும் தனி மரத்தையும் விட்டு விலகித் தாழ்வான இடத்துக்குப் போய்விடுங்கள். காட்டு மாடு குறுக்கே நின்றால் அது போகும் வரை நீங்கள்தான் நிற்க வேண்டும். டார்ச் அடிப்பதும் கல் எறிவதும் கூடாது.

சரிவில் புதிதாக விரிசல், சாய்ந்த மரங்கள், முந்தைய நாள் இல்லாத இடத்தில் சேற்றுத் தண்ணீர் ஊறுவது தெரிந்தால் அது மண்சரிவுக்கு முந்தைய நிலை. ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல், வேகமாகத் தாண்டுங்கள், அல்லது திரும்புங்கள்.

வட்டக்கானலில் முதல் டீக்கடை வந்ததும் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். தாளில் எழுதி வைத்த நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். வழிகாட்டிக்குக் கூலியை அங்கேயே, கேட்பதற்கு முன் கொடுங்கள்.

மதுரைக்கு வந்த பிறகு

மூன்றாவது நாள் மீதமிருந்தால் கொடைக்கானலில் தூங்கிவிட்டு வாருங்கள். வீட்டில் ஷூவை வெயிலில் போடாதீர்கள், பசை மறுபடி விடும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றுங்கள். ஒன்றரை நாளில் காயும். குளிக்கும்போது அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை பட்ட இடம் எல்லாவற்றையும் பாருங்கள்.

இதன் பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது, அதனால் கண்ணில் படாது. தேங்கிய தண்ணீரில் நடந்ததால் வரும் எலிக் காய்ச்சலும் உண்டு. இரண்டுக்கும் நேரத்தோடு போனால் எளிய மருந்து இருக்கிறது. டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: “காட்டில் மழையில் நடந்துவிட்டு வந்தேன், இத்தனை நாள் ஆகிறது.”